கஜானா காலி… நாட்டுத் துப்பாக்கி யார் கவலை? ஜவ்வாது மலையில் புதிய அரசுக்குக் காத்திருக்கும் கணக்கு

திருவண்ணாமலை என்றதும் தீபம், கிரிவலம், ரமணாசிரமம்தான் நினைவுக்கு வரும். துப்பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இதே மாவட்டத்தில், போளூர் வழியாக மலையேறினால் வரும் ஜவ்வாது மலையில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்பது போலீஸுக்குப் பழைய தலைவலி.

தேர்தல் முடிந்து புதிய அரசு பொறுப்பேற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கழுத்தை நெரிக்கிறது. வாக்குறுதிகள் வரிசையில் நிற்கின்றன. இந்த நேரத்தில் மலைக்கிராமத்துக் குடிசையின் கூரையில் செருகி வைத்திருக்கும் ஒரு துப்பாக்கியைப் பற்றி யாராவது யோசிப்பார்களா? யோசித்தால் என்ன செலவாகும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• துப்பாக்கிச் சட்டம் மத்திய அரசின் கையில். அதை அமல்படுத்துவது மாநிலத்தின் கையில்.

• மலையில் துப்பாக்கி இருப்பதற்கு முக்கியக் காரணம் பயிரைத் தின்னும் காட்டுப்பன்றி.

• துப்பாக்கியை வாங்கி வைப்பதற்குச் செலவு குறைவு. அது தேவைப்படாமல் செய்வதற்குத்தான் பணம் வேண்டும்.

• பணத் தட்டுப்பாட்டில் முதலில் அடிபடுவது அந்த இரண்டாவது வேலை.

நாட்டுத் துப்பாக்கி என்றால் என்ன?

சினிமாவில் பார்க்கும் பிஸ்டல் இல்லை. நீளமான ஒற்றைக்குழல். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, அதன் மேல் ஈயக்குண்டோ, சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டோ இட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்திச் சுடுவார்கள். ஒரு முறை சுட்டால், மறுபடி நிரப்ப நேரமாகும்.

உள்ளூரிலேயே செய்வதால் தரம் என்று ஒன்று கிடையாது. குழல் வெடித்துச் சுடுபவரின் கையே போகலாம். இருட்டில் பன்றி என்று நினைத்து, கூட வந்தவரையே சுட்டுவிட்ட சோகங்கள் தமிழகத்தின் மலைப்பகுதிகளில் நடந்திருக்கின்றன. குடும்பத் தகராறு, நிலத் தகராறு என்று வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், இதைச் சுலபமாகக் 'கள்ளத் துப்பாக்கி' என்று சொல்லிவிட்டும் போக முடியாது. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். சாமை, கேழ்வரகு, நெல், தேன், புளி இவைதான் வாழ்வாதாரம். வருஷத்துக்கு ஒரு போகம் எடுக்கிற குடும்பத்தின் சாமைக்காட்டில் ஒரு ராத்திரி பன்றிக்கூட்டம் புகுந்தால், அந்த வருஷம் முடிந்தது. அடிவாரத்தில் செங்கம், போளூர் பக்கம் வேர்க்கடலை போட்டவர்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை அல்ல, அனுமதி. 1878-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்களை நிராயுதபாணிகளாக வைத்திருப்பதற்காகவே எழுதப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அதன் இடத்தில் வந்தது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

2019-ல் இந்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. முக்கியமான மாற்றங்கள் இவை:

• ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-லிருந்து 2 ஆனது.

• உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது.

• சாதாரண வகைத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

• உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், விற்றால், பழுது பார்த்தால்கூட குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். பெருநகரத்தில் ஆயுதம் கடத்தும் கும்பலை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. ஆனால் மலையில் உடைந்த குழலுக்குப் பற்றவைத்துக் கொடுத்த கொல்லருக்கும் அதே பிரிவுதான்.

இதே 1959 சட்டத்தில் பலருக்கும் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்பட்டால், வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. அதாவது மலை விவசாயியின் தேவையைச் சட்டம் 1959-லேயே பார்த்திருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் உரிமம் வாங்கிக்கொள்ளலாமே? தாளில் முடியும். நடைமுறையில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இறங்கி, திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் வரை வந்து போக வேண்டும். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஃபைல் நகர்ந்ததா என்று பார்க்க இன்னொரு நாள். உரிமம் இல்லாத துப்பாக்கி கூரையிலேயே தங்கிப்போவதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம்.

உரிமம் வாங்கினாலும் பன்றியைச் சுடலாமா?

கூடாது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கலாம். அந்த அனுமதி இல்லாமல் சுட்டால் அது வேட்டை, குற்றம்.

ஆக, ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் பயிரைத் தின்னும் விலங்கைச் சுடாதே என்கிறது. உரிமம் உள்ள விவசாயிக்கு மிச்சம், வானத்தை நோக்கிச் சுட்டுச் சத்தம் போடும் வாய்ப்பு மட்டும்தான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழிமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது, வனத்துறைதான் சுட வேண்டும்.

சமவெளிக்கு இது ஒரு நிவாரணம். ஜவ்வாது மலைக்கு? அங்கே பல ஊர்களைச் சுற்றி நாலாபுறமும் காப்புக்காடு. அங்கே 3 கிலோமீட்டர் தள்ளிப்போனால் இன்னொரு காட்டுக்குள்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். பன்றித் தொல்லை அதிகம் இருக்கும் இடத்துக்குத்தான் இந்தத் திட்டம் எட்டாது.

போலீஸ் என்ன செய்கிறது?

திருவண்ணாமலை மட்டுமல்ல, வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் எனப் பல மாவட்டங்களில் போலீஸார் அவ்வப்போது மலைக்கிராமங்களுக்குப் போய்க் கூட்டம் போடுவார்கள். 'நீங்களாகவே துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை; நாங்கள் தேடிப் பிடித்தால் வழக்கு' என்பதுதான் செய்தி. ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் துப்பாக்கிகள் வந்து சேரும். மேஜையில் அடுக்கி வைத்த படம் மறுநாள் செய்தியில் வரும்.

இந்த 'வழக்கு இல்லை' என்ற வாக்குறுதிக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் எதுவும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவுதான் அதற்கு இடம் தருகிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக நீதிமன்றத்தில் வழக்கு நடத்த, மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும். நம்மூரில் அது ஆட்சியர் நிர்வாகம். அதனால் ஒப்படைப்பு இயக்கம் நம்பிக்கையோடு நடக்குமா, பயத்தோடு நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது கோட்டையில் போடும் சட்டத்தை விட, மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளின் அணுகுமுறைதான்.

உரிமம் பெற்ற துப்பாக்கிகளுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. தேர்தல் தேதி அறிவித்ததும் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு திரும்பக் கிடைக்கும். தேர்தல் நேரத்தில் உரிமம் உள்ள துப்பாக்கி பூட்டுக்குள் போய்விடும். உரிமம் இல்லாதது கணக்கிலேயே வராது.

புதிய அரசால் சட்டத்தை மாற்ற முடியுமா?

முடியாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிபொருட்கள் எல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. போலீஸும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில். சிம்பிளாகச் சொன்னால், டெல்லி விதி எழுதும், சென்னை அமல்படுத்தும்.

ஒரு சமூகத்துக்கே விலக்கு வேண்டுமென்றாலும் மத்திய அரசுதான் தர வேண்டும். பக்கத்து மாநிலத்தில் குடகு மக்களுக்கு அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் அந்த உரிமையை 2019-ல் மத்திய அரசு மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஜவ்வாது மலைக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே எல்லோருக்கும் துப்பாக்கி கிடைப்பது நல்லதா என்பது வேறு கேள்வி. அனைவருக்கும் ஒரே சட்டம் என்று சொல்லும்போது இந்த வித்தியாசமும் தெரிந்திருக்க வேண்டும்.

பணமில்லாத காலத்தில் மற்ற நாடுகள் என்ன செய்தன?

இரண்டு உதாரணங்கள் போதும்.

ஆஸ்திரேலியா, 1996: ஜான் ஹோவர்ட் மார்ச் மாதம் பிரதமரானார். அரசுக் கணக்கில் பெரிய துண்டு விழுகிறது என்று சொல்லிச் செலவைக் குறைக்கத் தயாராகிக்கொண்டிருந்த அரசு அது. ஏப்ரல் 28-ல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டே வாரத்துக்குள் மாநிலங்களோடு துப்பாக்கிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் உருவானது. மக்களிடமிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் விலை கொடுத்து வாங்கப்பட்டன. பணம் எங்கிருந்து வந்தது? மருத்துவக் காப்பீட்டு வரியை ஓர் ஆண்டுக்கு மட்டும் 1.5-லிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தினார்கள். கஜானா காலிதான். ஆனாலும் இந்த ஒரு வேலைக்கென்று தனியாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்கா, 2009: பராக் ஒபாமா பதவியேற்றபோது பொருளாதாரம் தரைதட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பின்னுக்குப் போனது. சொல்லப்போனால், தேசியப் பூங்காக்களுக்குத் துப்பாக்கியோடு போகலாம் என்று அனுமதிக்கும் பிரிவு, அந்த ஆண்டு மே மாதம் கிரெடிட் கார்டு சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவர் முழு மூச்சாக இறங்கினார். 2013 ஏப்ரலில் செனட்டில் 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 54 மட்டுமே கிடைத்தது.

இரண்டிலும் ஒரு விஷயம் பொது. பெரிய ரத்தம் சிந்திய பிறகுதான் துப்பாக்கி முன்வரிசைக்கு வந்தது. ஜவ்வாது மலையில் அப்படிப் பெரிய சம்பவம் எதுவும் நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். இங்கே நடப்பது ஒன்று இரண்டாக நடக்கும் சாவுகள், ஒன்று இரண்டாக அழியும் காடு கழனிகள். இவை தலைப்புச் செய்தியாவதில்லை. முன்னுரிமைப் பட்டியலில் ஏறாததற்கும் அதுவே காரணம்.

சரி, தமிழகத்தின் கணக்கு என்ன?

2021-ல் ஆட்சி மாறியதும் ஆகஸ்ட் மாதம் நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கை வந்தது. ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்ற எண் அப்போது வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. அதன் பிறகும் கடன் குறையவில்லை. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் சுமார் 9.29 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை மதிப்பீடு 41,600 கோடிக்கு மேல். எந்தக் கட்சி வந்தாலும் கணக்கைத் தொடங்குவது இங்கிருந்துதான்.

இந்த நிலையில் துப்பாக்கிக்கு என்ன செலவு? இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

முதல் விதம், துப்பாக்கியை வாங்குவது. போலீஸ் ஜீப்புக்கு டீசல், நோட்டீஸ், மைக் செட், கொஞ்சம் பொறுமை. ஏற்கெனவே இருக்கும் ஆட்களைக் கொண்டே முடித்துவிடலாம். எவ்வளவு நெருக்கடியிலும் எந்த அரசாலும் செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள்.

இரண்டாவது விதம், துப்பாக்கி தேவைப்படாமல் செய்வது. பயிர்ச் சேதத்துக்கு நியாயமான இழப்பீடு, அதுவும் அடுத்த விதைப்புக்கு முன். பன்றி தாண்டாத வேலி. ராத்திரி கூப்பிட்டால் வருவதற்கு வனத்துறையில் ஆள், வண்டி. நில ஆவணம். கடைசியாகச் சொன்னது முக்கியம். தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பத்திரம் இல்லையென்றால், அழிந்தது என் பயிர் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கிடைத்தால்தான் இழப்பீட்டு மனுவுக்கும் உயிர் வரும்.

இந்த இரண்டாவது விதத்துக்குத்தான் காசு வேண்டும். நிதித்துறை கத்திரியைக் கையில் எடுத்தால், சத்தமில்லாமல் நறுக்கக்கூடிய இடமும் இதுதான். இழப்பீடு ஆறு மாசம் தள்ளிப்போனால் சென்னையில் யாரும் மறியல் செய்யப்போவதில்லை.

முதல் வேலையை மட்டும் செய்தால் என்ன ஆகும்?

துப்பாக்கி போய்விடும். பன்றி போகாது. அப்போது அந்த இடத்துக்கு வேறொன்று வரும். ஒன்று, வெடிமருந்தைத் தீனிக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய். இன்னொன்று, லைனிலிருந்து நேரடியாகக் கரண்ட் எடுத்த கம்பி வேலி. இரண்டுக்கும் பன்றி, மாடு, மனுஷன் என்ற வித்தியாசம் தெரியாது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட திருட்டு மின்வேலியில் சிக்கி ஒரே இரவில் 3 யானைகள் செத்தன. அது துப்பாக்கி இல்லாத இரவுதான். ஆனாலும் பாதுகாப்பான இரவாக இருந்ததா?

பிழைப்பு கெட்டுப்போனால் மலை மக்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் திருவண்ணாமலை மாவட்ட மலைக்கிராமத்து ஆட்களும் உண்டு. சொந்தக் காடு சோறு போட்டிருந்தால், அடுத்த மாநிலத்துக் காட்டுக்குப் போக வேண்டிய தேவை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? துப்பாக்கிப் பிரச்சினையை பிழைப்புப் பிரச்சினையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி தேவையில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. கேரளம் 2022 மே மாதம் ஒரு வழி எடுத்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் போன்ற உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. சுடுவது உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள். யார் சுட்டார், எங்கே, எப்போது என்பதெல்லாம் பதிவாகும். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அதிகாரம் கீழே வரும்போது தவறாகப் பயன்படும் வாய்ப்பும் கீழே வரும். ஆனால் கணக்கில் வராத பத்துத் துப்பாக்கிகளுக்குப் பதிலாகக் கணக்கில் இருக்கும் ஒரு துப்பாக்கி என்பது, கட்டுப்பாட்டுப் பக்கம் நிற்பவர்களும் யோசிக்க வேண்டிய பேரம்.

தமிழகத்திலும் கஜானாவை அதிகம் தொடாமல் சில வேலைகளைத் தொடங்கலாம்.

• ஒப்படைப்பு முகாம் நடக்கும் அதே நாளில், அதே மரத்தடியில், பயிர்ச் சேத மனுக்களையும் வன உரிமை மனுக்களையும் வாங்குவது. துப்பாக்கியைக் கொடுப்பவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

• பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துக்கான விசாரணையை ஜமுனாமரத்தூரிலேயே மாதம் ஒரு நாள் நடத்துவது.

• கிலோமீட்டர் கணக்கு மலைக்குப் பொருந்துகிறதா என்று மறுபடி பார்ப்பது. காட்டுக்குள்ளேயே இருக்கும் ஊர்களுக்குத் தனி விதி வேண்டும்.

• தானாக ஒப்படைத்தவர் மீது வழக்கு வராது என்பதை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கொடுப்பது.

அப்படியானால், முன்னுரிமை கிடைக்குமா?

நேர்மையாகச் சொன்னால், 'துப்பாக்கிக் கட்டுப்பாடு' என்ற பெயரில் கிடைக்காது. எந்தத் தேர்தல் அறிக்கையிலும் அது ஓட்டு வாங்கித் தரும் வரி அல்ல. பணம் இருக்கும் அரசுக்கே அதில் ஆர்வம் குறைவு. கடனில் இருக்கும் அரசைக் கேட்கவே வேண்டாம். நடப்பது வழக்கமான ஒப்படைப்பு இயக்கமும், மேஜையில் அடுக்கிய படமும்தான்.

அதனால் புதிய அரசு இதில் தீவிரமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் படத்தில் எத்தனை துப்பாக்கி என்று எண்ண வேண்டாம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வனத்துறை மானியக் கோரிக்கையில் பயிர்ச் சேத இழப்பீட்டுக்கு ஒதுக்கீடு ஏறியதா, இறங்கியதா? மனு கொடுத்தவருக்குப் பணம் எத்தனை மாசத்தில் வந்தது? ஜவ்வாது மலையில் வன உரிமைப் பட்டா எத்தனை பேருக்குக் கிடைத்தது?

மூன்றும் உயர்ந்தால் துப்பாக்கிகள் தாமாகவே இறங்கிவரும். இல்லையென்றால், இந்த வருஷம் ஒப்படைத்த கூரையில் அடுத்த விதைப்புக்குள் இன்னொரு குழல் ஏறியிருக்கும்.